கிராமத்து ரவுண்டுல கை வைக்கறதுக்கு முன்னாடி: தபால் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

தபால் துறைகளை நடத்துற அதிகாரிகளுக்கும், அதுக்கு சட்டம் போடுற அமைச்சகங்களுக்கும், கட்டணம் எவ்வளவுன்னு முடிவு பண்ற ஆணையங்களுக்கும், பெர்ன் நகரத்துல உக்காந்துருக்கற உலக தபால் ஒன்றியத்துக்கும் வணக்கம்.

எந்த நாடுன்னு பிரிச்சுப் பாக்காம எல்லாருக்கும் சேத்தே எழுதுறேன், ஏன்னா நீங்க எல்லாரும் இப்ப கிட்டத்தட்ட ஒரே ஃபைல்லதான், அதாவது தபால்காரர் ஊர் ஊரா சுத்தி வர்ற ரவுண்டைக் குறைக்கற ஃபைல்லதான், கையெழுத்து போட்டுக்கிட்டு இருக்கீங்க. டென்மார்க்ல எல்லா வீட்டுக்கும் லெட்டர் குடுத்தே ஆகணும்ங்கற கட்டாயத்தை 2024லயே சட்டத்துலேந்து தூக்கிட்டாங்க, 2025 டிசம்பர் 30ஆம் தேதி அங்க தபால் குடுக்கற போஸ்ட்நார்டு கம்பெனி கடைசி லெட்டரை குடுத்துட்டு 1624லேந்து நடந்துட்டு வந்த வேலைக்கு முழுக்கு போட்டுடுச்சு. பிரிட்டன்ல 2025 ஜூலைலேந்து செகண்ட் கிளாஸ் லெட்டர், அதாவது கம்மி ரேட்டு லெட்டர், ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான், சனிக்கிழமை கிடையவே கிடையாது. நார்வே இதை 2020லயே பண்ணிட்டாங்க, ஆஸ்திரேலியா 2024ல. கனடால 2025 செப்டம்பர்ல அரசாங்கமே வந்து, இன்னும் 40 லட்சம் முகவரிக்கு வாசல் டெலிவரி கிடையாது பொதுப் பெட்டில வந்து எடுத்துக்கோங்க, கிராமத்து போஸ்ட் ஆபீஸை மூடக்கூடாதுன்னு 1994லேந்து இருந்த தடையையும் எடுக்கறோம்னு சொல்லிட்டுப் போயிடுச்சு.

லெட்டர் குறைஞ்சு போச்சு, அதுல சண்டை போட ஒண்ணுமில்ல. டென்மார்க்ல 2000லேந்து இன்னிக்கு வரைக்கும் 90 சதவீதத்துக்கு மேல விழுந்துருக்கு, மத்த நாட்டுலயும் கோடு கீழதான் போகுது. கரண்ட் பில்லு ஃபோன்ல வருது, கல்யாணப் பத்திரிகை வாட்ஸ்அப்ல வருது, யார் போய் ஸ்டாம்ப் வாங்கப்போறா. ஆனா லெட்டர் குறைஞ்சுது அதனால கிராமத்துக்கு ஆள் போற நாளையும் குறைப்போம்னு அடுத்த வரில எழுதுறீங்க பாருங்க, அங்கதான் எனக்கு இடிக்குது. அந்த ஆளோட பையில லெட்டர் மட்டுமா இருந்துச்சு?

கொஞ்சம் பழைய கணக்கு ஒண்ணு. 1840க்கு முன்னாடி பிரிட்டன்ல லெட்டர் வாங்குறவர்தான் காசு குடுக்கணும், அதுவும் எத்தனை மைல் எத்தனை தாள்னு எண்ணி வாங்குவாங்க. தபாலை சீர்திருத்தணும்னு சொன்ன ரோலண்ட் ஹில்ங்கறவர் உக்காந்து கணக்கு போட்டு, லண்டன்லேந்து எடின்பரோ வரைக்கும் ஒரு லெட்டரை தூக்கிட்டுப் போற செலவு ஒரு பென்னியில 36ல ஒரு பங்குதான்னு காமிச்சார். தூரம் ஒரு செலவே இல்ல, எண்ணுறது எழுதுறது வசூல் பண்றதுதான் செலவு, அதனால எங்க போட்டாலும் ஒரே ரேட்டு வைங்கன்னார். அதுலதான் ஸ்டாம்ப்பே வந்துச்சு. இன்னிக்கு நிலைமை என்னன்னா எண்ணுறதையும் பிரிக்கறதையும் மெஷின் பாத்துக்குது, நகரத்துலேந்து நகரத்துக்கு லாரி நிரம்பி போகுது, பார்சல் ஒண்ணுக்கு விழுற செலவு சொற்பம். காசு பூரா கரையறது கடைசி சில கிலோமீட்டர்லதான். அடுக்குமாடி கட்டடத்துல ஒரே லிஃப்ட்ல ஏறி இறங்குனா முப்பது பார்சல் முடிஞ்சுடும். அதே ஆள் மெயின் ரோட்ட விட்டு மண் ரோட்டுல திரும்பி, ரெண்டு தோட்டம் தாண்டி, கடைசி வீட்ல ஒரே ஒரு பாக்கெட்ட குடுத்துட்டு வந்த வழியே திரும்பி வரணும்.

இந்த ரவுண்டுக்கு ஆகற செலவு பையில என்ன இருக்குன்றத பொறுத்தது இல்ல. பஸ் மாதிரிதான், அஞ்சு பேர் ஏறுனாலும் ஐம்பது பேர் ஏறுனாலும் டீசல் கிட்டத்தட்ட அதேதான். லெட்டர்ங்கற பயணி இறங்கிட்டான், சரி. பார்சல்ங்கற பயணி அதே ஸ்டாப்புல நின்னு கை காட்டிக்கிட்டு இருக்கான், நீங்க அவனை ஏத்தாம பஸ்ஸையே நிறுத்திட்டு, பாருங்க கூட்டமே இல்லன்னு ரிப்போர்ட் எழுதுறீங்க.

ஏத்தாமன்னு ஏன் சொல்றேன்னா, பல நாட்ல பார்சல் வேலைல லாபம் வர்ற பாதியை, அதாவது டவுனை, தனியார் கம்பெனிங்க எடுத்துக்கிட்டாங்க, நஷ்டம் வர்ற பாதிதான் பொதுத் துறை தலைல நிக்குது. தனியார் மேல எனக்கு கோவம் இல்ல, அவங்க கம்பெனி நடத்துறாங்க தர்மசத்திரம் நடத்தல. ஆனா அவங்க கிராமத்துல என்ன பண்றாங்கன்னு கொஞ்சம் கிட்டத்துல பாருங்க. மொதல்ல பின்கோடு அடிச்சவுடனேயே "இந்தப் பகுதிக்கு சேவை இல்லை"ன்னு வரும். அதைத் தாண்டுனா தொலைதூரப் பகுதின்னு தனியா ஒரு சார்ஜ், அமெரிக்கால பெரிய கம்பெனிங்க இதுக்கு தனியா பின்கோடு பட்டியலே வச்சிருக்காங்க. அதையும் கட்டுனா ட்ராக்கிங்ல "டெலிவரிக்கு புறப்பட்டது"ன்னு காலைல வரும், மத்தியானம் ஒரு ஃபோன் வரும், "நான் ஹைவே ஜங்ஷன்ல நிக்கறேன், உள்ள வண்டி வராது, வந்து வாங்கிக்கிறீங்களா, இல்லன்னா ரிட்டர்ன் போட்டுடவா". அந்தப் பையனை திட்டியும் புண்ணியமில்ல, ஒரு பார்சலுக்கு இவ்வளவுன்னு வாங்கறவன் உள்ள வந்து போனா அவனுக்கு கைக்காசுதான் போகும். நாம வெயில்ல கிளம்பிப் போய் வாங்கிட்டு வந்தா ஆப்ல "வெற்றிகரமாக வாசலில் வழங்கப்பட்டது"ன்னு இருக்கும். போக முடியலன்னா "வாடிக்கையாளர் வீட்டில் இல்லை". நாள் முழுக்க வீட்லயேதான் இருந்தோம்னு யார்கிட்ட போய் சொல்றது.

வண்டி இருக்கறவங்களுக்கு இது எரிச்சல் அவ்வளவுதான். வண்டி ஓட்ட முடியாத வயசானவங்களுக்கு, மாத்திரை தபால்ல வாங்கறவங்களுக்கு, கோர்ட்டு நோட்டீஸுக்கோ இன்டர்வியூ லெட்டருக்கோ காத்திருக்கறவங்களுக்கு எரிச்சலோட நிக்காது. எலக்‌ஷன்ல தபால் ஓட்டு போடற நாடுங்கள்ல ரவுண்டு ஒரு நாள் தள்ளிப்போனா ஓட்டே செல்லாம போகலாம்.

இதெல்லாம் ஏதோ இன்டர்நெட் வந்தப்புறம் முளைச்ச புதுப் பிரச்சனைன்னு நினைச்சுடாதீங்க, நூறு வருஷத்துக்கு முன்னாடி இதே நாடகம் ஒரு தடவை முழுசா நடந்து முடிஞ்சுது. அமெரிக்கால 1896 வரைக்கும் கிராமத்து ஜனம் தன் லெட்டருக்கு தானே டவுன் வரைக்கும் போகணும். அந்த வருஷம் அக்டோபர்ல மேற்கு வெர்ஜீனியால சோதனைக்குன்னு வீட்டுக்கு வீடு டெலிவரி ஆரம்பிச்சாங்க, 1902ல அதை நிரந்தரமாக்குனாங்க. அப்பவும் இன்னிக்கு நீங்க சொல்ற அதே பேச்சுதான், இது கட்டுப்படியாகாது, இவ்வளவு தூரம் இவ்வளவு கம்மி வீடு, கஜானா காலியாயிடும்னாங்க. ஆனா நடந்தது வேற. ரோடு நல்லா இருந்தாதான் ரூட்டு குடுப்போம்னு தபால் துறை கண்டிஷன் போட்டுச்சு, உடனே ஊர்க்காரங்களும் கவுண்டிகளும் (நம்ம மாவட்டம் மாதிரி) போட்டி போட்டுக்கிட்டு பாதைய சரி பண்ணாங்க பாலம் கட்டுனாங்க. லெட்டருக்காக போட்ட ரோட்டுல விளைச்சலும் போச்சு, டாக்டரும் வந்தார். இந்த லாபத்தை தபால் துறையோட கணக்குப் புஸ்தகத்துல தேடுனா கிடைக்காது, அது வேற எங்கயோ போய் சேந்துருக்கும்.

ஆனா பார்சல் விஷயத்துல மட்டும் கதவை சாத்தியே வச்சிருந்தாங்க. 1913க்கு முன்னாடி அங்க தபால்ல நாலு பவுண்டுக்கு மேல அனுப்ப முடியாது, அதுக்கு மேல போனா தனியார் எக்ஸ்பிரஸ் கம்பெனிதான், அவங்க ரயில் ஸ்டேஷனோட நிறுத்திப்பாங்க, அதுக்கப்புறம் உங்க பாடு. பார்சல் தபாலை கொண்டு வரவிடாம அந்தக் கம்பெனிகளும் சின்ன ஊர் கடைக்காரங்களும் வருஷக்கணக்கா தடுத்தாங்க. கடைசில 1913 ஜனவரி 1ஆம் தேதி ஆரம்பிச்சுது, மொத ஆறு மாசத்துலயே சுமார் 30 கோடி பார்சல். இதுல ஒரு வேடிக்கை, 1916ல யூட்டா மாநிலத்துல வெர்னல்ங்கற ஊருக்கு பேங்க் கட்டடம் கட்ட 80,000 செங்கலை பார்சல் தபால்லயே அனுப்பி வச்சார் ஒருத்தர், சாதாரண சரக்கா அனுப்பறதை விட அதான் சீப்பா இருந்துச்சாம். தபால் துறை அலறிப்போய் ஒருத்தர் ஒரு நாளைக்கு 200 பவுண்டுக்கு மேல அனுப்பக்கூடாதுன்னு ரூல் போட்டுச்சு. சேவையை நிறுத்தல, கவனிங்க, ரூலை சரி பண்ணாங்க, அவ்வளவுதான்.

இப்ப நான் சட்டமா போடச் சொல்லி கேக்கறது என்னன்னு நேராவே சொல்லிடறேன். கிராமத்துக்கு ஒரு ரவுண்டு, ஒரு ஆள், ஒரு பை, அதுல லெட்டரும் போகட்டும் பார்சலும் போகட்டும், உங்க பார்சல் மட்டுமில்லாம எல்லா கம்பெனி பார்சலும் போகட்டும். அந்த ரவுண்டோட அடிப்படைச் செலவை ஸ்டாம்ப் வித்த காசுலேந்து எடுக்காதீங்க, ரோட்டுக்கும் தெருவிளக்குக்கும் எடுக்கற மாதிரி பொதுக் காசுலேந்து எடுங்க. அதுக்கு மேல கம்பெனிங்க தங்களோட பார்சலை ஏத்திவிட கட்டணம் கட்டட்டும், அந்தக் கட்டணம் பெரிய கம்பெனிக்கு ஒண்ணு சின்னதுக்கு ஒண்ணுன்னு ரூமுக்குள்ள பேசி முடிக்கறதா இருக்கக்கூடாது, எல்லாரும் பாக்கற மாதிரி வெளியில போட்ட ஒரே ரேட்டா இருக்கணும். டவுன்ல மட்டும் ஓடி லாபம் பாத்துட்டு கிராமத்து பின்கோடை பட்டியல்லயே வச்சிக்காத கம்பெனி, அந்த ரவுண்டுக்கு ஒரு பங்கு கட்டட்டும்.

இது ஒண்ணும் கனவு இல்ல, பாதி ஏற்கனவே நடந்தது. அமெரிக்கால பெரிய தனியார் கம்பெனிங்களே பல வருஷம் கிராமத்து பார்சலை ஊர் போஸ்ட் ஆபீஸ் வரைக்கும் கொண்டு வந்து இறக்கிட்டு கடைசி தூரத்தை தபால்காரர்கிட்ட விட்டுட்டுப் போனாங்க. 2022ல அங்க வந்த தபால் சீர்திருத்தச் சட்டம், லெட்டரையும் பார்சலையும் ஒரே நெட்வொர்க்ல வாரத்துக்கு குறைஞ்சது ஆறு நாள் சேத்து குடுக்கணும்னே எழுதி வச்சிருச்சு. சட்டத்துல ஒரு வரி இருந்தா அடுத்து வர்ற மேனேஜ்மென்ட் அதை வசதிக்கு மாத்த முடியாது பாருங்க, அதுக்காகத்தான் சட்டம்னு கேக்கறேன், சுற்றறிக்கை வேண்டாம். சுவிட்சர்லாந்துல 1906லேந்து மஞ்சள் கலர் போஸ்ட் பஸ் ஓடுது, தபாலையும் ஆளுங்களையும் ஒரே வண்டில ஏத்திட்டுப் போனதுதான் அதோட ஆரம்பம். சீனால கிராமத்து பஸ்ல பார்சலையும் ஏத்தி விடுற திட்டம் ஓடுது. அப்போ ரெண்டு மூணு காலி வண்டி தனித்தனியா ஒரே ரோட்டுல போறதை விட ஒரு நிறைஞ்ச வண்டி போறது எல்லாருக்கும் புரியற விஷயம்தான்.

ட்ரோன் பத்தி ஒரு வார்த்தை, ஏன்னா எந்த மீட்டிங் போனாலும் உங்க ஆளுங்க மொத ஸ்லைடுல ட்ரோன் படம் போட்டுடறாங்க. ருவாண்டால 2016லேந்து ட்ரோன் ஆஸ்பத்திரிக்கு ரத்தம் கொண்டு போய் பாராசூட்ல இறக்குது, அது அருமையான வேலை, அவசரம், எடை கம்மி, இறங்குற இடம் ஒண்ணு. அதே ஜெர்மனில 2014ல யூஸ்ட் தீவுக்கு மருந்து எடுத்துட்டுப் போன டிஎச்எல் கூரியர் கம்பெனியோட ட்ரோன் திட்டத்தை 2021ல அவங்களே மூடிட்டாங்க. மிக்சி, செருப்பு, ஸ்கூல் புஸ்தகம் எல்லாம் ட்ரோன்ல வரும்னு சொல்லி இன்னிக்கு இருக்கற ஆளை நிறுத்தாதீங்க. நாமளே போய் திறந்து எடுத்துக்கற பார்சல் லாக்கரும் அப்படித்தான், ஊருக்குள்ள வச்சா நல்லது, பதினைஞ்சு கிலோமீட்டர் தள்ளி பெட்ரோல் பங்க்ல வச்சுட்டு டெலிவரி பாயிண்ட்னு பேர் குடுத்தா அது டெலிவரியே கிடையாது, வேலையை எங்க தலைல மாத்தி விட்டது.

முகவரி விஷயத்துல மட்டும் டெக்னாலஜி நிஜமாவே உதவும். கதவு நம்பரே இல்லாத வீடுங்க உலகம் பூரா இருக்கு. மங்கோலியா 2016ல ஒவ்வொரு இடத்துக்கும் மூணு வார்த்தைல பேர் வைக்கற முகவரி முறைய எடுத்துக்கிச்சு, இந்தியால 2025ல டிஜிபின் (DIGIPIN) அப்படின்னு பத்து எழுத்துல நாலு மீட்டர் கட்டம் வரைக்கும் காட்டுற குறியீடு வந்துருக்கு. வாங்க சந்தோஷம். ஆனா கட்டம் எங்க இருக்குன்னு மட்டும்தான் அது சொல்லும். மழை பெய்ஞ்சா எந்தப் பக்கம் ஓடை தாண்ட முடியாது, எந்த வீட்டு நாய் கடிக்கும், அந்த வீட்ல இருந்தவங்க போன மாசம் பையன் வீட்டுக்கு போயிட்டாங்க, பார்சலை பக்கத்து வீட்ல குடுத்தா கரெக்டா போய் சேரும், இதெல்லாம் அந்த ரூட்டுல வருஷக்கணக்கா போற ஆளுக்குத்தான் தெரியும். ஆளை மாத்திக்கிட்டே இருந்தா இதுல ஒண்ணும் மிஞ்சாது.

அந்த ஆளைப் பத்தி பேசாம இந்த மடலை முடிக்க முடியாது. தமிழ்நாட்டுல குன்னூர் பக்கம் காட்டுக்குள்ள தினம் 15 கிலோமீட்டர் நடந்தே தபால் குடுத்த ஒருத்தர் 2020ல ரிடையர் ஆனப்போ நாடே பாராட்டுச்சு, யானை துரத்துன கதையெல்லாம் பேப்பர்ல வந்துச்சு. எனக்கு படிக்கும்போது பெருமையாவும் இருந்துச்சு கொஞ்சம் வெக்கமாவும் இருந்துச்சு. ஒரு மனுஷன் யானைகிட்ட தப்பிச்சு வர்றதை நம்பித்தான் ஒரு அரசு சேவை ஓடுதுன்னா கைதட்டிட்டு விட்டுடறதா? இந்தியாவோட ஒன்றரை லட்சத்துக்கு மேல இருக்கற போஸ்ட் ஆபீஸ்ல பத்துக்கு ஒன்பது கிராமத்துலதான், அதுல பெரும்பாலானதை தாங்கறது கிராமிய டாக் சேவகர்கள், அவங்களை இன்னும் முழு அரசு ஊழியரா கணக்குல சேக்கறதில்ல. அமெரிக்கால கிராமத்து தபால்காரங்க நிறைய பேர் சொந்தக் கார்லதான் போறாங்க, 2023ல ரூட்டை அளக்குற முறையை மாத்துனப்போ நிறைய பேருக்கு சம்பளம் குறைஞ்சுது. நாடு வேற, பாசை வேற, வலி ஒண்ணுதான். லெட்டர் காலத்துல தைச்ச தோள் பையில இப்ப அரிசி மூட்டை சைஸ்ல பார்சல் வருது, வண்டி அதே சைக்கிள் இல்லன்னா சொந்த பைக்கு. பார்சல் யுகம்னு பேசறதுக்கு முன்னாடி மொதல்ல வண்டி குடுங்க, எடைக்கு ஒரு வரம்பு வைங்க, மழைக்கு ஒரு நல்ல கோட்டாவது குடுங்க.

அதே மாதிரி கூடுதல் வேலை. ஃப்ரான்ஸ்ல 2017லேந்து தபால்காரர் வயசானவங்க வீட்டுக்கு போய் எப்படி இருக்கீங்கன்னு பாத்துட்டு வர்றாரு, குடும்பத்துக்கு தகவல் போகுது, அதுக்கு தனியா கட்டணம் இருக்கு. ஜெர்சி தீவுல இதை அதுக்கும் முன்னாடியே ஆரம்பிச்சாங்க. இந்தியால 2018லேந்து போஸ்ட் பேமென்ட்ஸ் பேங்க் வந்தப்புறம் போஸ்ட்மேன் வாசல்லயே கைரேகை வச்சு பணம் எடுத்துக் குடுக்கறாரு. ரவுண்டு ஏற்கனவே போகுது, அது மேல இன்னும் நாலு சேவையை ஏத்துனா செலவு பிரியும், ரொம்ப சரியான யோசனை. ஆனா ஏத்துற ஒவ்வொண்ணுக்கும் நேரமும் கூலியும் கணக்கு வைங்க. டார்கெட் குடுத்து, இன்னிக்கு இத்தனை அக்கவுண்ட் திறக்கணும்னு துரத்துனா அவரு வீட்டு வாசல்ல நிக்கப்போறது தபால்காரரா இருக்காது, சேல்ஸ்மேனா இருக்கும், ஜனங்க கதவையும் திறக்க மாட்டாங்க.

இன்னொண்ணு, இதுதான் எனக்கு ரொம்ப நாளா உறுத்துறது. நீங்க எழுதுற எல்லா ரிப்போர்ட்லயும் கிராமம்னா பார்சல் வாங்கற இடம், அனுப்புற இடமா யாரும் எழுதறதே இல்ல. அங்க தைக்கறவங்க இருக்காங்க, தேன் எடுக்கறவங்க இருக்காங்க, விதை விக்கறவங்க, கூடை முடையறவங்க, பழைய ரேடியோ ரிப்பேர் பண்ணி அனுப்பறவங்க எல்லாம் இருக்காங்க. ஃபோன்ல ஆர்டர் எடுக்க முடியுது, பணமும் ஃபோன்லயே வந்துடுது, பொருளை அனுப்பத்தான் அரை நாள் வேலையை விட்டுட்டு டவுனுக்கு பஸ் ஏறணும், அங்க போனா சர்வர் டவுன், இல்லன்னா பார்சல் எடுக்கற நேரம் முடிஞ்சு போச்சு. ரவுண்டுல போற ஆள் திரும்பி வரும்போது அவரு பை காலியாத்தானே வருது? அதுல அனுப்புற பார்சலை வாங்கிட்டு வரச்சொல்லுங்க, கைல ஒரு சின்ன தராசும் லேபிள் அடிக்கற மெஷினும் குடுத்தா வாசல்லயே வேலை முடிஞ்சுது. போற வழி வர்ற வழி ரெண்டுக்கும் காசு வந்தா நஷ்டக் கணக்கே பாதி மாறிடும். ரவுண்டை ஒரு நாள் விட்டு ஒரு நாள்னு ஆக்குனா மொதல்ல அடி வாங்கப்போறது இவங்கதான், ஏன்னா இன்னிக்கு வந்த ஆர்டரை நாளைக்கு அனுப்பலன்னா வாங்கறவர் டவுன் கடைக்கு போயிடுவார்.

நாளைக் குறைக்கவே கூடாதுன்னு நான் அடம் பிடிக்கல. சில இடத்துல, குளிர்காலத்துல பாதை மூடிக்கற மலை ஊருல, வாரத்துக்கு மூணு நாள் கரெக்டா வந்தா போதும்னு அங்க இருக்கறவங்களே சொல்லலாம். வருவேன்னு சொன்ன நாள்ல வந்தாப் போதும், தினமும் வரேன்னு சொல்லிட்டு எப்பவோ வர்றதை விட அது எவ்வளவோ மேல். ஆனா அதை அங்க இருக்கறவங்ககிட்ட கேட்டு முடிவு பண்ணுங்க, தலைநகரத்துல எக்செல் ஷீட்ட வச்சு முடிவு பண்ணிட்டு கருத்துக் கேட்புன்னு முப்பது நாள் நோட்டீஸ் போடாதீங்க. அந்த நோட்டீஸும் இணையத்துலதான் போடறீங்க, சிக்னல் இல்லாத ஊர்க்காரன் எங்க போய் பாப்பான்.

கடைசியா ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், இதுக்கு புதுச் சட்டமும் வேண்டாம் பணமும் வேண்டாம். ஒவ்வொரு பின்கோடுக்கும் எத்தனை பார்சல் வாசல் வரைக்கும் போச்சு, எத்தனை ஜங்ஷன்லயே குடுத்து முடிச்சாங்க, எத்தனை "வீட்டில் இல்லை"ன்னு திரும்பிப் போச்சு, எத்தனை ஆர்டர் "சேவை இல்லை"ன்னு எடுக்கவே இல்லங்கற கணக்கை, உங்க துறையோடதும் தனியாரோடதும் சேத்து, மாசா மாசம் வெளியில போடுங்க. ஸ்கேன் பண்ற ஒவ்வொரு தடவையும் இடமும் நேரமும் பதிவாகுது, அதனால டேட்டா இல்லன்னு மட்டும் சொல்லாதீங்க. அந்தப் பட்டியல் வர்ற வரைக்கும் எந்த ரவுண்டையும் குறைக்காதீங்க, எந்த கிராமத்து போஸ்ட் ஆபீஸையும் மூடாதீங்க. பட்டியல் வரட்டும், அப்புறம் உக்காந்து பேசுவோம்.